எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஊரிலேயே ஒரு கூட்டம்: உங்கள் அனுபவம் என்ன?

கோவை, ஸ்லீவ் 2019

எனக்கு 2019இல் ஸ்லீவ் செய்தார்கள். இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, ஒடுங்கிய குழாய் போல மிச்சத்தை விட்டுவைக்கும் அறுவை சிகிச்சை அது. தழும்புகள் ஆறின, சர்க்கரை மாத்திரையும் குறைந்தது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நாற்பதாம் நாள் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் இரண்டு கரண்டி பருப்பு சாதத்துக்கு மேல் இறங்கவில்லை. இலை அப்படியே இருக்க, அடுத்த இலையில் இருந்த பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "வாயைக் கட்டத் தெரியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள்" என்றார். காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். கை கழுவும் இடத்தில் நின்று அழுதேன்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? மருத்துவரிடம் சொல்ல இது நோய் இல்லை. கணவரிடம் சொன்னால், "அவர் குணம் தெரிந்ததுதானே, விடு" என்பார். வயிற்றை வெட்டிக்கொண்ட இன்னொருவர் வேண்டும், அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அன்றுதான் தோன்றியது. கொரோனா வந்து எல்லாம் தள்ளிப்போய், 2022இல்தான் கைகூடியது.

முதலில் மருத்துவமனையிலேயே ஓர் அறை கொடுத்தார்கள். பத்துப் பேர் வந்தோம். மருத்துவரும் உட்கார்ந்திருந்தார். எத்தனை கிலோ குறைந்தது என்று ஒவ்வொருவரும் சொன்னோம், கைதட்டினோம், கலைந்தோம். மூன்றாம் மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி கொட்டியதை அங்கே ஒருவரும் பேசவில்லை. நம் உடம்பை நல்லபடியாகச் சரிசெய்து கொடுத்தவர் எதிரே உட்கார்ந்து, "ஏன் செய்துகொண்டேன் என்று சில இரவுகளில் இருக்கிறது" என்று எப்படிச் சொல்ல முடியும்? அவரிடமே இதைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். கூட்டத்தைக் குடியிருப்பு ஒன்றின் சங்கக் கூடத்துக்கு மாற்றினோம். மருத்துவர் இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை, கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காக மட்டும் வருகிறார்.

அந்தக் கூடத்தில் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்த ஓர் இளைஞர் வந்தார். வாசலிலேயே நின்று, உள்ளே போட்டிருந்த நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். "நான் நின்றுகொள்கிறேன் அக்கா" என்றார். ஒரு காலத்தில் நானும் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் நாற்காலியைத்தான் பார்ப்பேன். மூன்று ஆண்டுகளில் அதை எப்படி மறந்தேன் என்று வெட்கமாகிவிட்டது. காவலாளியின் அறையில் இருந்த மர பெஞ்சை நாங்கள் இரண்டு பேர் தூக்கி வந்து போட்டோம். அன்றிலிருந்து பெஞ்சும் கை இல்லாத நாற்காலியும்தான். கூட்டம் தொடங்க நினைக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, புரோட்டீன் பவுடர் விற்க வருபவர்கள். நோயாளியின் உறவினர் என்று சொல்லி நுழைந்து, இரண்டாம் வாரமே பையைத் திறப்பார்கள். நமக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை என்பது உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் பயந்து போயிருப்பவர்களிடம் ஆயிரக்கணக்கில் வாங்கிவிடுகிறார்கள். எங்கள் கூட்டத்தில் விற்பனைக்கு இடமில்லை. கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

திருப்பூர், பைபாஸ் 2021

எனக்குச் செய்தது இதய பைபாஸ் இல்லை; இரைப்பையைச் சிறிதாக்கி நேரே குடலோடு இணைக்கும் பைபாஸ். கூட்டத்துக்கு நான் மனைவியின் வற்புறுத்தலால் போனவன். ஆறு மாதம் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் ஒரு பெண்மணி, குலதெய்வம் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் இரண்டு வாய் சாப்பிட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்து, வியர்த்து, வயிறு கலக்கி, மண்டபத் திண்ணையில் படுத்துக்கொண்டதைச் சொன்னார். எனக்கும் கிரகப்பிரவேசப் பாயசத்தில் அதே கதை. மாரடைப்பு என்று நினைத்துப் பிள்ளைகளை அழைத்துப் பேசிவிட்டேன். இனிப்பு சட்டென்று குடலில் இறங்குவதால் வருவது, டம்பிங் என்று பெயர் என்பதெல்லாம் ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில் இருந்ததுதான். தாளில் இருந்தது எனக்கு உறைக்கவில்லை. அந்த அம்மா திண்ணையில் படுத்ததைச் சொன்னபோதுதான் உறைத்தது.

மதுவைப் பற்றியும் ஆண்கள் அங்கே பேச வேண்டும். பைபாஸுக்குப் பிறகு அது இரத்தத்தில் வேகமாக ஏறுகிறது. முன்பு நாலு கிளாஸில் வந்த போதை ஒரே கிளாஸில் வந்தது. சாப்பாட்டில் கிடைத்த ஆறுதலை நான் அதில் தேட ஆரம்பித்திருந்தேன். வீட்டில் சொல்லாததைக் கூட்டத்தில்தான் முதலில் சொன்னேன். நிறுத்தி ஒன்றரை ஆண்டு ஆகிறது.

பொள்ளாச்சி, ஸ்லீவ் 2018

மேலே எழுதியிருக்கும் கோவை அக்காவின் கூட்டத்தில் நானும் ஒருத்தி. 43 கிலோ குறைந்தேன். மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு 14 கிலோ ஏறிவிட்டது. ஒவ்வொரு கூட்டமும் எடை சொல்லித்தான் தொடங்கும் அப்போது. ஒரு மாதம் காய்ச்சல் என்றேன். அடுத்த மாதம் பையனுக்குப் பரீட்சை என்றேன். பிறகு போன் வந்தாலே எடுப்பதில்லை.

அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். எடையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து என்னோடு முருங்கைக்கீரை ஆய்ந்தார். பாதிக் கட்டு முடிந்தபோது நானே சொன்னேன். "கொஞ்சம் ஏறுவது நம்மில் நிறைய பேருக்கு நடப்பதுதான். மறுபடி வந்து உட்கார், மற்றதைப் பிறகு பார்க்கலாம்" என்றார். நான் திரும்பப் போன நாளில், யாரும் இனிமேல் எடை சொல்ல வேண்டியதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். பழைய படம், புதிய படம் காட்டுவதும் நின்றுவிட்டது. குறைந்தவர்கள் எங்கு போனாலும் பாராட்டு கிடைக்கும். ஏறியவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை.

ஈரோடு, மகள்

அறுவை சிகிச்சை என் அம்மாவுக்கு. ஆறாவது வாரத்திலிருந்து பத்து நாள் விடாமல் வாந்தி. "அப்படித்தான் இருக்கும், போகப் போகச் சரியாகும்" என்று சொல்லாதவர் இல்லை. எங்கள் ஊர்க் கூட்டத்துக்கு அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனேன். கால் மரத்துப்போகிறது, நடந்தால் தள்ளுகிறது என்று அம்மா சொன்னதும், ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் எழுந்து, "கூட்டம் இருக்கட்டும், இப்போதே கிளம்புங்கள்" என்றார். அவரே ஆட்டோவில் ஏறி உடன் வந்தார். வைட்டமின் பி1 குறைந்திருக்கலாம், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் அதைக் கொடுக்க வேண்டும் என்று அவசரப் பிரிவில் எடுத்துச் சொன்னவரும் அவர்தான். மருத்துவர்களும் அதையே செய்தார்கள். அம்மா நடக்க மூன்று மாதம் ஆனது. நடக்கிறார்.

யாருக்காவது வாந்தி நிற்கவில்லை என்றால், கூட்டத்தில் கைவைத்தியம் சொல்லாதீர்கள். அனுப்பிவிடுங்கள்.

நாகர்கோவில், ஸ்லீவ் 2024

இங்கே கூட்டம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஆரம்பிக்க ஆசை. ஆனால் எனக்கே எட்டு மாதம்தான் ஆகிறது. எனக்கு என்ன தெரியும் என்று தயங்குகிறேன்.

கோவை, ஸ்லீவ் 2019

தங்கைக்கு, எட்டு மாதம் போதும். முதல் மாதத்துக்காரருக்குப் பல ஆண்டு ஆனவரைவிட எட்டு மாதம் ஆனவர்தான் நெருக்கமாக இருப்பார். கஞ்சித் தண்ணீர், மசித்த பருப்பு, தயிர், முட்டை என்று ஒவ்வொரு படியாக ஏறியது உங்களுக்கு இன்னும் நினைவிருக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதும் மறந்திருக்காது. மருந்து, மாத்திரை அளவு பற்றி மட்டும் நீங்களும் சொல்லாதீர்கள், பிறரையும் சொல்லவிடாதீர்கள்.

உங்கள் மருத்துவமனை உணவியல் நிபுணரிடம் உங்கள் எண்ணைக் கொடுத்து, விருப்பப்படுபவர்களுக்குத் தரச் சொல்லுங்கள். அவர் மற்றவர்களின் எண்ணை உங்களிடம் தரக் கூடாது. அறுவை சிகிச்சையைப் பலர் வெளியில் சொல்லாமல் செய்துகொண்டிருப்பார்கள், மாமியாருக்கே தெரியாதவர்களும் உண்டு. மாதத்தில் ஒரே நாள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இரண்டாவது ஞாயிறு மாலை 4 மணி. யாரும் வராவிட்டாலும் ஒரு மணி நேரம் திறந்து வைத்திருங்கள். சங்கக் கூடத்துக்கு மாறிய புதிதில் ஒரு மாதம் நல்ல மழை, நான் மட்டும்தான் இருந்தேன். ஐந்து மணிக்குப் பூட்டை எடுத்தபோது ஓர் அம்மா குடையை மடக்கிக்கொண்டு வந்தார். நாலரை மணியிலிருந்து எதிர்ப்பக்கக் கடையில் நின்று, உள்ளே போகலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏழு மணி வரை பேசினோம்.