வார்டுக்கு ஒரு இளையோர் குழு: பசங்களைக் காப்பாற்றுமா, மாட்டிவிடுமா?

வியாசை_வேலு:
வட சென்னையில் எங்கள் வார்டில் போன பகுதி சபை, அதாவது தெருக்காரர்கள் குறை சொல்லும் கூட்டம், பாதி கால்வாய் அடைப்பிலேயே போனது, மீதி "பசங்க தொல்லை"யில். தெருமுனையில் கும்பலாக உட்காருகிறார்கள், வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிறார்கள், நம்பர் பிளேட் இல்லாத வண்டியில் பறக்கிறார்கள், பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி ரீல்ஸ் போடுகிறார்கள். எல்லாம் உண்மைதான். கடைசியில் என்ன கேட்டார்கள்? இன்னும் நான்கு கேமரா, ராத்திரி ரோந்து. கேமராவில் மாட்டும்போது அந்தப் பையன் கேஸ் ஆகிவிட்டான். அதற்கு முன்னால் அவனிடம் யார் பேசினார்கள்?

நான் கேட்பது வார்டுக்கு ஒரு குழு. கட்சிக்காரர் வேண்டாம். ஒரு டீச்சர், ஒரு அங்கன்வாடி ஊழியர், மகளிர் குழுவிலிருந்து ஒருவர், ஒரு ஃபுட்பால் கோச், ஜமாத்திலிருந்தோ சர்ச்சிலிருந்தோ ஒருவர், இருபது வயசுக்குள் இரண்டு பேர். ஒரு பையன் பள்ளிக்கூடம் வருவதை நிறுத்தினால் இவர்களுக்குத் தகவல் வர வேண்டும், இவர்கள் அவன் வீட்டுக்குப் போக வேண்டும். போலீஸ் வாசலுக்கு வருவதற்கு முன்னால் இவர்கள் வந்திருக்க வேண்டும்.

இது என் கற்பனை இல்லை. ஸ்காட்லாந்தில் கில்பிராண்டன் கமிட்டி 1964ல் பரிந்துரைத்து, 1968ல் சட்டமாகி, 1971 முதல் நடக்கிறது. பயிற்சி பெற்ற மூன்று சாதாரண ஊர்க்காரர்கள் பையனோடும் வீட்டாரோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிறார்கள். அங்கே அரை நூற்றாண்டாக நடப்பது இங்கே ஏன் நடக்காது?

மணலி_மாறன்:
குழு போடுவோம், டீ குடிப்போம், குரூப் போட்டோ எடுப்போம். அப்புறம்?

வேலு அண்ணே, பதினாறு பதினேழு வயசுப் பசங்களுக்கு உங்களைவிட, என்னைவிடச் சட்டம் தெரியும். "நான் மைனர், ஒண்ணும் பண்ண முடியாது" என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறான். பெரிய தலைகள் அவர்களை வைத்து வேலை வாங்குவதும் அதனால்தான். என் கடைக் கண்ணாடியை உடைத்தவனுக்கு மீசைகூட சரியாக முளைக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போய் நான் என்ன பேசுவது? பயம் வேண்டும். பயம் இல்லாத இடத்தில் அட்வைஸ் எடுபடாது.

கல்மண்டபம்_கனி:
மாறன், முதலில் உங்களுக்கு. "மைனர்னா ஒண்ணும் பண்ண முடியாது" என்பது பசங்கள் பரப்பிய கதை, நீங்களும் நம்பிவிட்டீர்கள். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, குறைந்தபட்ச தண்டனையே ஏழு வருடம் என்று இருக்கிற கொடுங்குற்றத்தில் 16 முடிந்தவன் சிக்கினால், அவனைப் பெரியவர்போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதி வாரியம் மதிப்பிட்டு முடிவெடுக்கலாம். குழந்தையைச் சட்டவிரோத வேலைக்குப் பயன்படுத்தும் பெரியவனுக்கு 83வது பிரிவில் ஏழு வருடம் வரை கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம். போதைப்பொருள் கைமாற்றக் குழந்தையை அனுப்பினால் 78வது பிரிவு, அதற்கும் ஏழு வருடம் வரை. உங்கள் கோபம் அந்தப் பெரிய தலைகள்மேல் போகட்டும். அவர்கள்மேல் இந்தப் பிரிவுகள் போடப்பட்டதா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது வேலு. உங்கள் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை, உங்கள் குழுவில்தான் சந்தேகம். போலீஸுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பான ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் எப்படி ஆரம்பித்தது? 1993ல் ராமநாதபுரத்தில், மக்களும் போலீஸும் நெருங்க வேண்டும் என்று. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்தபோது அந்த அமைப்பின் பெயரும் அடிபட்டது, ஜூலையில் தமிழ்நாடு முழுக்கத் தடை. சம்பளம் இல்லாமல் அதிகாரம் மட்டும் கையில் கிடைத்தவன் என்ன ஆவான் என்பதை அப்போதே பார்த்துவிட்டோம்.

ஸ்காட்லாந்து விஷயத்திலும் பாதியை விட்டுவிட்டீர்கள். பையன் "நான் செய்யவில்லை" என்று சொன்னால் அந்த மூன்று பேர் அதை விசாரிக்கவே மாட்டார்கள். அது ஷெரிஃப் நீதிமன்றத்துக்குப் போய்விடும். செய்தானா இல்லையா என்பது கோர்ட் வேலை, இனி இவனுக்கு என்ன உதவி என்பது மட்டும் குழு வேலை. நம் ஊரில் குழு கூடினால் முதல் கேள்வியே "டேய், நீதானே பண்ணே, ஒத்துக்கோ" என்றுதான் வரும். அதற்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது, கட்டப்பஞ்சாயத்து.

ஓய்வு_ஏட்டு:
வட சென்னையில் பல ஸ்டேஷன்களில் வேலை பார்த்து ரிட்டயர்ட் ஆனவன். கனி அம்மா சட்டம் சொன்னார், ஸ்டேஷன் மேசையில் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன்.

சின்னக் குற்றத்துக்குச் சிறுவன்மேல் எஃப்ஐஆர் போடக்கூடாது. கொடுங்குற்றம் என்றாலோ, பெரியவர்களோடு சேர்ந்து செய்திருந்தாலோதான் போடலாம். மற்றதற்குப் பொது நாட்குறிப்பில் எழுதி, சமூகப் பின்னணி அறிக்கையை இளைஞர் நீதி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த அறிக்கையில் குடும்பம், படிப்பு, பழக்கம், நண்பர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி. யார் எழுதுவது? பந்தோபஸ்து முடிந்து வந்து கண் சொருகுகிற காவலர். "தந்தை தொழில்: கூலி. நண்பர்கள்: தீய சகவாசம். படிப்பு: இடைநின்றவன்." பத்துப் பையன்களின் அறிக்கையை வரிசையாக வைத்தால் பெயரைத் தவிர எல்லாம் ஒன்றாக இருக்கும். அவன் ஏன் பள்ளிக்கூடத்தை விட்டான் என்று எழுத இடம் இருக்கும், பதில் இருக்காது.

வேலு தம்பி சொல்கிற குழு அந்தத் தாளை உண்மையாக நிரப்ப உதவினால் போதும். வாரியத்தில் மாஜிஸ்திரேட் பக்கத்தில் இரண்டு சமூகப் பணியாளர்கள் உட்காருகிறார்கள், ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அவர்கள் படிக்கிற தாள் அது. அதில் பொய் இருந்தால் முடிவும் பொய்யாகத்தான் வரும்.

இன்னொன்று. போலீஸ் எதுவும் செய்யவில்லை என்று பேசாதீர்கள். காவல் சிறார் மன்றம் எத்தனையோ வருடமாக இருக்கிறது. 2022 செப்டம்பரில் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போலீஸின் சிற்பி திட்டம் வந்தது, சென்னையில் 100 பள்ளி, பள்ளிக்கு 50 எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்.

முல்லை_கோலி:
ஐயா, சிற்பியில் எட்டாவது படிக்கிற பிள்ளை இருக்கிறான். எட்டாவதோடு நின்றவன் எங்கே இருக்கிறான்?

ஓய்வு_ஏட்டு:
தம்பி, அது நியாயமான கேள்வி.

எர்ணாவூர்_லட்சுமி:
எல்லோரும் பசங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் அப்படி ஒரு பையனைப் பெற்றவள்.

பத்தாவது பாதியில் நின்றான். முதலில் எனக்குத் தெரியாது. பையை மாட்டிக்கொண்டு காலையில் கிளம்புவான், நானும் டிபன் கட்டிக் கொடுப்பேன். காசிமேட்டில் மீன் ஏலத்தில் கூடை தூக்கிக்கொண்டிருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது. கையில் காசு வந்தது, கூடவே பெரிய பசங்கள் வந்தார்கள். ஒருநாள் செல்போன் பறிப்பு விஷயமாக ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனார்கள். கேஸ் எதுவும் இல்லை, "விசாரிச்சுட்டு விடறோம்" என்று விடியும்வரை உட்கார வைத்து, முடியை ஒட்ட வெட்டி அனுப்பினார்கள். அந்த மண்டையோடு அவன் தெருவில் நடந்தபோது ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது.

வேலு தம்பி, உன் குழுவில் யார் உட்காருவார்கள்? என் தெருக்காரர்கள்தானே? அவன் பெயரைச் சொல்லிக் கொடுத்ததும் தெருக்காரர்தான். தண்ணி லாரி வரும்போது குடத்தோடு அவர்கள் முகத்தில்தான் நான் விழிக்க வேண்டும். என் வீட்டுக் கதை அந்தக் குழுவுக்குப் போனால் சாயங்காலத்துக்குள் நாலு தெருவுக்கும் போய்விடும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். அவன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று அந்த முதல் வாரத்திலேயே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் போதும். அட்வைஸே வேண்டாம், தகவல் போதும்.

கல்மண்டபம்_கனி:
லட்சுமி அக்கா, உங்கள் பையனை ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் வைத்ததே சட்டப்படி தப்பு. பிடித்தால் உடனே சிறார் நலக் காவல் அலுவலரிடம் ஒப்படைக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் வாரியத்தின் முன் நிறுத்த வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. "கேஸ் இல்லை" என்பதை ஏதோ சலுகைபோலச் சொல்வார்கள். கேஸ் இல்லையென்றால் அவனை ஏன் வைத்தாய் என்று கேட்க ஆள் வேண்டும்.

குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 74வது பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். அந்தச் சட்டம் பத்திரிகைக்கும் சமூக ஊடகத்துக்கும் பயன்படும், தண்ணி லாரி வரிசைக்கு எப்படிப் பயன்படும்? வேலு இதற்குப் பதில் சொல்லட்டும்.

வியாசை_வேலு:
சொல்கிறேன். வீட்டுக்குப் போகிறவர் அதே தெருக்காரராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்து வார்டுக் குழு இங்கே வரட்டும், நாங்கள் அங்கே போகிறோம். கனி சொன்ன எல்லைக்கும் சம்மதம், செய்தானா இல்லையா என்ற பேச்சையே குழு எடுக்காது.

அப்புறம், இது ஏதோ நான் புதிதாகக் கேட்பதுபோலப் பேச வேண்டாம். மத்திய அரசின் மிஷன் வத்சல்யா திட்ட வழிகாட்டுதலில் வார்டு அளவிலும் குழந்தைப் பாதுகாப்பைக் கவனிக்க ஒரு குழு என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மேலாண்மைக் குழு, பெரும்பாலும் பெற்றோர். மாநகராட்சியில் 200 வார்டு, வார்டுக்குப் பத்து பகுதி சபை, 2022 நவம்பர் 1 முதல் கூட்டமும் நடந்தது. ஆக, குழுவுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றில் ஒன்று இன்னொன்றோடு பேசுவதில்லை. பள்ளியில் பெயர் நீக்கப்பட்ட பையனின் விவரம் வார்டுக்கு வருவதில்லை. மாநகராட்சி பெயரில் பள்ளி, மாநகராட்சி பெயரில் மைதானம், இரண்டும் ஒரே தெருவில். நடுவில் ஒரு போன்கால் கிடையாது.

மணலி_மாறன்:
அதாவது இருக்கிற நாலு குழு வேலை செய்யவில்லை, அதனால் ஐந்தாவது.

முல்லை_கோலி:
மாறன் அண்ணே, அது சரியான அடி 😀

நான் சொல்வது வேறு. வட சென்னை என்றாலே கத்தி என்கிறார்கள். 2024ல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் தங்கம் அடித்த காசிமா புது வண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநர் மகள். அவர் பின்னால் எந்தக் குழு இருந்தது? வீடு இருந்தது, போர்டு இருந்தது, தினமும் ஆடிப் பழக ஓர் இடம் இருந்தது. எங்கள் வியாசர்பாடியில் இத்தனை பசங்கள் பந்து உதைப்பதும் மைதானம் என்று ஒன்று இருப்பதால்தான்.

நான் சாயங்காலம் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஆறரைக்கு லைட் போய்விடும், ஏழுக்குக் கேட் பூட்டு. சாவி யாரோ ஒருவர் வீட்டில். வேலைக்குப் போகிற பையன் ஏழு மணிக்குத்தான் திரும்பி வருகிறான். அவன் வரும்போது கேட் பூட்டியிருக்கும், டாஸ்மாக் திறந்திருக்கும்.

தடைக்காலத்தையும் யோசியுங்கள். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. அப்பாவுக்கு வேலை இல்லை, வீட்டில் தினமும் சண்டை. அதே நேரம் பையனுக்குப் பள்ளிக்கூடம் லீவு. இரண்டும் சேர்ந்து வருகிற அந்த வாரங்களில்தான் என்னிடம் வருகிற பசங்கள் கை தவறிப் போகிறார்கள். ஏப்ரலில் கோடைக்கால முகாம் நடத்த ஒருத்தருக்கும் தோன்றுவதில்லை, ஜூலையில் போதை ஒழிப்புப் பேரணிக்கு மட்டும் பசங்களை அனுப்பச் சொல்வார்கள்.

குழு வேண்டுமென்றால் வரட்டும். அதன் வேலை சாவி வாங்குவது, லைட் வாங்குவது, டிசி கொடுத்து அனுப்பின பையனைத் திரும்பச் சேர்ப்பது, ஐடிஐ விண்ணப்பம் நிரப்புவது. பசங்களைக் கூப்பிட்டு வைத்துப் பேச அதற்கு அதிகாரம் கொடுக்காதீர்கள். அதிகாரிகளைக் கூப்பிட்டு வைத்துக் கேட்க அதிகாரம் கொடுங்கள்.

கல்மண்டபம்_கனி:
கோலி சொல்வதற்கு நான் கையெழுத்துப் போடுவேன்.

மணலி_மாறன்:
என் கண்ணாடிக்கு யார் காசு கொடுப்பது என்று இன்னும் ஒருத்தரும் சொல்லவில்லை. நான் ஒன்றும் கல்நெஞ்சன் இல்லை. செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பரில் 17 வயசுப் பையன் அடிபட்டுச் செத்தானே, பேட்டரி திருடினான் என்று பிடிபட்டவன், அதைப் படித்துவிட்டு எனக்கும் தூக்கம் வரவில்லை. நீதிபதி சந்துருவை வைத்து அரசே அந்த இல்லங்களைப் பற்றி அறிக்கை வாங்கியது. உள்ளே அனுப்பினால் திருந்துவான் என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அடிபடுவது எப்போதும் கடைக்காரன்தானா? அவன் வந்து என் கடையில் ஒரு மாதம் வேலை செய்து அடைக்கட்டும். அந்தக் குழு அதை ஏற்பாடு செய்தால் நானும் வருகிறேன்.

எர்ணாவூர்_லட்சுமி:
சம்பளம் கொடுப்பீர்களா தம்பி, இல்லை கண்ணாடிக் காசு கழிகிறவரை சும்மா வேலையா?

மணலி_மாறன்:
பாதி கழித்துக்கொண்டு பாதி கொடுக்கிறேன் அக்கா. மதியச் சாப்பாடு என் கணக்கு.

கல்மண்டபம்_கனி:
நிறுத்துங்கள். பதினாலு வயசுக்குள் இருப்பவனை எந்த வேலைக்கும் வைக்க முடியாது. பதினெட்டுக்குள் இருப்பவனை ஆபத்தான வேலையில் வைக்க முடியாது. சமூக சேவை செய்யச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் வாரியத்துக்கு இருக்கிறது, ஊர்க் குழுவுக்கு இல்லை. மாறனின் யோசனை வாரியம் வழியாக வரட்டும், ஏட்டு ஐயா சொன்ன அந்த அறிக்கையில் "கடைக்காரர் இதற்குத் தயார்" என்று ஒரு வரி எழுதுங்கள்.

வியாசை_வேலு:
அடுத்த பகுதி சபைக்கு மனு தயார் செய்கிறேன். ஒன்று, மைதானத்துக்கு ஒன்பது மணி வரை லைட், சாவி மூன்று பேரிடம். இரண்டு, இரண்டு வாரம் வராத பிள்ளையின் வீட்டுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து நேரில் தகவல். மூன்று, தடைக்காலத்தில் மீனவர் குப்பங்களில் கோடைக்கால முகாம். நான்கு, குழு உறுப்பினர்கள் மாதம் ஒருமுறை காவல் நிலையத்தில் சிறார் நலக் காவல் அலுவலரைச் சந்தித்துப் பேசுவது.

கல்மண்டபம்_கனி:
நான்காவதை எடுங்கள். ஸ்டேஷனுக்குள் நீங்கள் போனால் பெயர் கேட்பார்கள், நீங்களும் சொல்வீர்கள். அந்த அலுவலர் பகுதி சபைக்கு வரட்டும், எல்லோர் முன்னாலும் பேசட்டும்.

ஓய்வு_ஏட்டு:
அவரை வரவழைக்கக் கடிதம் எழுதும்போது இன்ஸ்பெக்டருக்கும் ஒரு நகல் போடுங்கள். இல்லாவிட்டால் அன்றைக்குப் பார்த்து அவருக்கு பந்தோபஸ்து டூட்டி போட்டுவிடுவார்கள்.