கார்ல பாஸ் கதறுது, ரூம்ல கேக்கவே மாட்டேங்கு: வீட்டுல பதிஞ்ச ஃபங்க் டிராக், மிக்ஸ் பத்திக் கருத்து வேணும்

பாளை பாஸ்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில இருந்து எழுதுதேன். ஒம்பது வருசமா லைட் மியூசிக் குழுவுல பாஸ் கிட்டார் வாசிக்கேன். கோயில் கொடை, கல்யாணம்னு அடுத்தவங்க பாட்டையே வாசிச்சுக்கிட்டு இருந்தவன், இப்பத்தான் சொந்தமா ஒரு டிராக் பண்ணியிருக்கேன். ஃபங்க், தாளத்தை வச்சே ஓடுற அமெரிக்க இசை. நிமிசத்துக்கு 104 தட்டு, ஏ மைனர், மூணரை நிமிசம். பாடுறதுக்கு வார்த்தை கிடையாது. ஒரே ரிஃப், அதாவது ஒரு சின்னச் சுர வரிசை, சுத்திச் சுத்தி வரும். அதுக்கு மேல கிட்டார் வெட்டி வெட்டிப் போகும், அக்கா மவன் வாசிச்சது. ரெண்டாவது நிமிசத்துல பிராஸ் வரும், அது கீபோர்டு. டிரம்ஸ் பேடுல தட்டினது.

இதுல எனக்கு ரொம்ப முக்கியமானது குடம். எங்க தாய்மாமா வில்லுப்பாட்டுல குடம் அடிக்கவரு. சின்ன வயசுல கொடைக்குப் போயி விடிய விடிய அவரு பக்கத்துலயே உக்காந்திருப்பேன். வீசுகோல் வில்லுல விழும்போது குடமும் சேந்து 'தும்'னு எறங்கும், நெஞ்சுக்குள்ள கேக்கும் அது. ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுன் தன் ஆளுங்களை எல்லாம் முதல் தட்டுல, அந்த 'ஒண்ணு'ல விழ வச்சாருன்னு பின்னால படிச்சப்ப எனக்கு மாமா குடந்தான் ஞாபகம் வந்துச்சு. அதனால அவரைத் தார்சாவுல உக்கார வச்சு, குடத்து வாய்க்கு ஒரு சாண் தள்ளி ஒரே ஒரு மைக் வச்சுப் பதிஞ்சேன். கிளிக் சத்தம் காதுல கேட்டு அடிக்கது அவருக்குப் பழக்கமில்ல. கிளிக்கை நிறுத்திட்டு, நான் எதிர்ல உக்காந்து பாஸ் வாசிச்சேன், அதைப் பாத்து அடிச்சாரு. அப்படிப் பிரமாதமா வந்துச்சு.

இப்பப் பிரச்சினை. மச்சு ரூம்ல மிக்ஸ் பண்ணுதேன். அஞ்சு இன்ச் மானிட்டர் ஸ்பீக்கர் ரெண்டு, ரீப்பர் சாஃப்ட்வேர். அங்க கேட்டா பாஸ் ஒல்லியா இருக்கு, ரிஃப்போட அடிச் சுரம் இருக்கா இல்லையான்னே தெரியல. அதனால பாஸுக்கு 60 ஹெர்ட்ஸ்ல 5 டெசிபல் ஏத்தினேன், கிக் டிரம்முக்கும் அதே எடத்துல 4. ரூம்ல நல்லா வந்துட்டுன்னு நினைச்சு, சேக்காளி கார்ல போட்டுக்கிட்டு ஜங்சன் ஈரடுக்குப் பாலத்துல ஏறினோம். ஏறி எறங்குறதுக்குள்ள அவன் ஆஃப் பண்ணிட்டான். கண்ணாடி அதிருது, குடம் எங்க போச்சுன்னே தெரியல. போன்ல போட்டா பாஸே இல்ல.

பாஸ் கம்ப்ரெஸ்ஸர் (எகிறுற சத்தத்தை அமுக்குறது) 4க்கு 1, அட்டாக் (அது அமுக்க எடுத்துக்கிடுற நேரம்) 3 மில்லி செகண்டு. ரூம் 10க்கு 10 அடி, உயரமும் ஏறக்குறைய பத்துதான். சுவர்ல நாலு பத்தமடைப் பாய் மாட்டியிருக்கேன். கீழ ஆச்சி தூங்குவாங்கங்கிறதால ராத்திரி பத்து மணிக்கு மேல ரொம்ப மெதுவா வச்சுத்தான் வேலை பாக்கேன். டிராக் ஏத்தியிருக்கேன். மனசுல பட்டதைச் சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

தென்காசி கிட்டார்:

ரிஃப் அருமையா இருக்கு. முதல்ல அந்த அட்டாக்கை மாத்துங்க. 3 மில்லி செகண்டுன்னா கட்டைவிரல் கம்பியில மோதுற சத்தத்தையே கம்ப்ரெஸ்ஸர் அமுக்கிடும். கட்டைவிரலால கம்பியைத் தட்டி வாசிக்கிற ஸ்லாப்புக்கு உயிரே அந்த மோதல்தான். ஸ்லாப்பைக் கொண்டுவந்த பாஸ்காரர் லாரி கிரகாம் அம்மாகூடச் சேந்து வாசிச்ச காலத்துல, டிரம்மர் இல்லாத குறைக்குக் கட்டைவிரலால கிக்கையும், கம்பியைச் சுண்டி இழுத்து ஸ்னேர் டிரம்மையும் ஈடுகட்டினவரு. அப்ப அந்தக் கைக்குள்ளயே ஒரு டிரம் இருக்கு. 25, 30 மில்லி செகண்டுக்கு விட்டுப் பாருங்க, ரிலீஸ் (அமுக்கினதை விடுற நேரம்) அடுத்த தட்டுக்குள்ள திரும்புற மாதிரி.

கிட்டார்ல 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ உள்ளதை வெட்டிருங்க, அதுக்கு அங்க வேலை இல்ல. மருமவன் கை சுத்தமா இருக்கு, எந்த எஃபெக்டும் போட்டு அதைக் கெடுக்காதீங்க.

அம்பை மைக்செட்:

தம்பி, ரெண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை எங்க குடோன்ல பெரிய பாக்ஸ்ல, ஒரு தடவை ஹெட்போன்ல. உன் பாஸ் மொத்தமா ஜாஸ்தி இல்ல. ஒரே ஒரு சுரந்தான் ஊதிக்கிட்டு நிக்கி. ஏ கம்பியைச் சும்மா விட்டு அடிக்கிற பாரு, அது மட்டும். டி, ஜி எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு.

ஒண்ணு கேக்கேன். நீ அந்த ரூம்ல ஃபேனுக்கு நேர் கீழதான உக்காந்திருக்க? நம்ம ஊரு வெக்கையில வேற எங்க உக்காருவ.

ஃபேன் ரூமுக்கு நட்ட நடுவுல தொங்கும். அங்கதான் வினையே. 10 அடின்னா 3.05 மீட்டர். சத்தம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகுது. சுவருக்குச் சுவர் முட்டித் திரும்புற அலையில அரை அலை சரியா உன் ரூமுக்குள்ள அடங்குற எடம் எதுன்னு கணக்குப் போட்டா 56 ஹெர்ட்ஸ் வரும். அந்த அலை சுவத்து ஓரத்துல பெருசா நிக்கும், நடுவுல செத்துப் போயிரும். ஏ கம்பி என்ன? 55 ஹெர்ட்ஸ். உன் பாட்டோட தாய்ச் சுரமே நீ உக்காந்திருக்க எடத்துல இல்ல. இல்லாததை இருக்க வைக்கணும்னு 5 டெசிபல் ஏத்தியிருக்க. கார்ல அந்தக் குழி கிடையாது, ஏத்தினது அத்தனையும் அங்க கொட்டிட்டு.

உன் ரூம் நீளம், அகலம், உயரம் மூணும் ஒண்ணா இருக்கறதால நெலமை இன்னும் மோசம். 10க்கு 14 ரூம்னா நீளத்துக்கு ஒரு கணக்கு, அகலத்துக்கு ஒரு கணக்குன்னு பிரிஞ்சு போயிரும். சதுரப் பெட்டியில மூணும் ஒரே எடத்துல வந்து விழுது. கல்யாண மண்டபத்துல சப் பாக்ஸை எறக்குறப்ப நான் ஒரு எடத்துல நின்னு கேட்டு முடிவு பண்ண மாட்டேன். மண்டபம் முழுக்க நடப்பேன். முப்பது வருசத்துல கத்துக்கிட்டது அதுதான்.

சந்தேகமா இருந்தா இன்னிக்கே செஞ்சு பாரு. 56 ஹெர்ட்ஸ் சைன் டோனை (ஒரே சுரமா வர்ற சத்தம்) அளவா ஓட விட்டுட்டு ஃபேனுக்குக் கீழ நில்லு. அப்புறம் பைய மூலைக்கு நட.

பாய் விசயம். பத்தமடைக் கோரைப்பாய் மேல எனக்கும் மருவாதி உண்டு, எங்க வீட்டுலயும் அதுலதான் படுக்கோம். ஆனா 55 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் ஆறு மீட்டருக்கு மேல. பாய் கனத்துக்கு அது கட்டுப்படாது, மேல உள்ள கீச்சுச் சத்தத்தைத்தான் கொஞ்சம் அடக்கும். செலவு பண்ண முடிஞ்சா நாலு மூலையிலயும் தரையில இருந்து மேல வரைக்கும் ராக்வூல் (கல் நார்) பலகையைக் கனமாக் கட்டி, துணி சுத்தி நிறுத்து. முடியலன்னா நாற்காலியை நகத்து. காது முன்சுவர்ல இருந்து மூணே முக்கால் அடியில வரட்டும். ஃபேன் காத்து அங்கயும் வரும்.

வண்ணார்பேட்டை அக்கா:

அண்ணாச்சி சொன்னதை அப்படியே செய் தம்பி. நான் ஆடியோ எடிட்டிங் பாக்கறவ, நானும் ராத்திரியிலதான் வேலை பாப்பேன், அதனால இன்னொண்ணும் சேத்துக்கோ. சத்தத்தைக் கொறச்சு வச்சாக் காது முதல்ல விடறது அடி ஸ்தாயியைத்தான். ஃபிளெட்சர், மன்சன்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1933லயே இதை அளந்து வரைஞ்சு வச்சிருக்காங்க. ஆச்சியை எழுப்ப வேண்டாம். ராத்திரியில எடிட், பேலன்ஸ் மட்டும் பாரு. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ எந்தப் பட்டனையும் தொடாத. பாஸ் முடிவெல்லாம் பகல்ல, பக்கத்துல நிக்கறவங்ககூடக் குரலை ஒசத்திப் பேச வேண்டிய அளவு வச்சு எடு.

போன்ல பாஸ் கேக்காததுக்கு வேற காரணம். அந்தச் சின்ன ஸ்பீக்கர்ல 55 வரவே வராது, எவ்வளவு ஏத்தினாலும். பாஸ் டிராக்கை ஒரு காப்பி எடுத்து, அதுல கொஞ்சம் சாச்சுரேசன் (மேல் சுரங்களைக் கூட்டுற லேசான கரகரப்பு) போட்டு, அடியை வெட்டிட்டு லேசாக் கலந்து விடு. 330, 440ன்னு மேல் சுரங்கள் தெளிவா வந்தாப் போதும், அடிச் சுரம் இருக்கற மாதிரி காதே நிரப்பிக்கிடும்.

குடத்தைப் பத்தித்தான் எனக்கு உண்மையாவே சொல்ல இருக்கு. அதோட சுதி கிட்டத்தட்ட 110 ஹெர்ட்ஸ்ல நிக்கி. உன் ஏ கம்பிக்குச் சரியா மேல் ஸ்தாயி. மாமா வேணும்னு பாத்துத்தான் அந்தக் குடத்தை எடுத்தாரா? அவ்வளவு பொருத்தம். ஆனா முதல் தட்டுல அவரும் நீயும் ஒண்ணா விழுறீங்க, அதுக்கப்புறம் நீ சுரத்தை இழுத்துக்கிட்டே நிக்க. அவரு 'தும்' முடிஞ்சு அடங்குற அந்த வால் உன் சுரத்துக்குள்ள மூழ்கிப் போகுது. ஈக்யூ (ஹெர்ட்ஸ் பாத்து ஏத்தி எறக்குறது) போட்டு இதைத் தீக்காத. வாசிப்புல தீத்துரு. அந்த ஒரு சுரத்தை அடிச்சதும் கையை வச்சு நிறுத்திப் பாரேன்.

பாளை பாஸ்காரன்:

அண்ணாச்சி, ஃபேனுக்குக் கீழதான். நீங்க ரூமுக்குள்ள வந்து பாத்த மாதிரி இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் 56 ஹெர்ட்ஸை ஓட விட்டேன். ஃபேனுக்குக் கீழ நின்னா ஸ்பீக்கர் கோன் ஆடுறது கண்ணுக்குத் தெரியுது, காதுல ஒண்ணுமில்ல. ரெண்டு எட்டு வச்சேன், லேசா வந்துச்சு. மூலையில பீரோ பக்கம் போனா வயிறு அதிருது, பீரோ கதவு கிடுகிடுன்னு ஆடுது, மேல வச்சிருந்த ஆச்சி மாத்திரை டப்பா நகந்து வருது. எட்டு மாசமா அந்த ரூம்ல உக்காந்து என் கையத்தான் சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு தடவை கம்பி மாத்தினேன், பிக்கப்பை ஏத்தி எறக்கினேன். யாருகிட்டயாவது முன்னாலயே கேட்டிருக்கணும்.

மேசையை நகத்திட்டேன். ஏ சுரம் முழுசா வரலன்னாலும் இப்ப இருக்குன்னு தெரியுது. 60ல ஏத்தின ரெண்டையும் எடுத்துட்டேன், பாஸ்ல 55 பக்கம் 2 டெசிபல் கொறச்சிருக்கேன். கிக்குக்கு 80 பக்கம் கொஞ்சம் எடம் குடுத்தேன். அட்டாக் 28ல நிக்கி, தென்காசிக்காரர் சொன்ன அந்த மோதல் சத்தம் திரும்பி வந்துட்டு.

அக்கா, குடம் மாமா வேணும்னு எடுத்ததுதான். கேட்டேன். வீட்டுல மூணு குடம் உண்டு, நான் எதிர்ல உக்காந்து வாசிச்சதைக் கேட்டுட்டு, ரெண்டைத் தட்டிப் பாத்து வச்சுட்டு மூணாவதை எடுத்தாராம். எனக்கு அப்ப அது தெரியவே இல்ல. நீங்க சொன்ன மாதிரி பாஸை மறுபடி வாசிச்சேன். முதல் தட்டுல ஏ அடிச்சதும் இடது கையைத் தளத்தி நிறுத்திட்டு, ரெண்டாவது தட்டு வரைக்கும் சும்மா இருக்கேன். அந்த எடைவெளியில குடம் அடங்குறது, மாமா உள்ளங்கை குடத்து மேல படுற சின்னச் சத்தம் வரைக்கும் கேக்கு. பதியும்போது இருந்தது, மிக்ஸுல நானே மூடி வச்சிருந்திருக்கேன்.

நேத்து அதே கார், அதே பாலம். சேக்காளி ஆஃப் பண்ணல, ரெண்டாவது தடவையும் போட்டான்.

மூணாவது வெர்சன் ஏத்தியிருக்கேன். 2:10ல பிராஸ் உள்ள வரும்போது ஸ்னேர் பின்னால போற மாதிரி எனக்குத் தோணுது. பகல்ல கேட்டாலும் அப்படித்தான் இருக்கு. உங்க பக்கம் எப்படிக் கேக்கு?