மாமாவின் கடவாய்ப்பல்

குழு: செந்தூல் வீட்டார் (கோலாலம்பூர், மலேசியா; வெள்ளி என்பது ரிங்கிட்)

டிசம்பர் 6, சனி

அத்தை, 7:48
எல்லாரும் பசியாறியாச்சா? உங்கள் மாமா இன்னும் இல்லை. வியாழன் ராத்திரி டின்னின் அடியில் கிடந்த தீபாவளி முறுக்கைக் கடித்தார். கடவாய்ப்பல் பிளந்துவிட்டது.

தம்பி, 7:50
தீபாவளி முறுக்கா? இது டிசம்பர் அத்தை!

பெரிய மாமா, 7:55
முறுக்கின் மேல் குற்றமில்லை. நேற்று பிரிக்ஃபீல்ட்ஸில் காட்டினேன். ரூட் கெனால், அதாவது பல் வேர்ச் சிகிச்சை, 900 வெள்ளி, அதற்கு மேல் கிரவுன் 1,200. பல்லுக்குப் போடும் தொப்பிக்கு 1,200! இன்ஷூரன்ஸ் மெடிக்கல் கார்டில் போட்டுவிடலாம்தானே?

அக்கா, 8:02
அது ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் மாமா. பல் அதில் சேராது. விபத்தில் அடிபட்டு உடைந்தால் மட்டும் பார்ப்பார்கள்.

பெரிய மாமா, 8:03
இதுவும் விபத்துதானே லா.

அக்கா, 8:05
மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தால் விபத்து. முறுக்கு கடித்ததை எந்த பாரத்தில் எழுதுவது? அதை விடுங்கள், உங்கள் கம்பெனியில் பல்லுக்குத் தனியாக இருக்குமே, பார்த்தீர்களா?

பெரிய மாமா, 8:06
பல்லுக்குமா?

அத்தை, 8:14
கம்பெனி புத்தகத்தைத் தேடி எடுத்தேன். பக்கம் 31. ஆண்டுக்கு 500 வெள்ளி. ஸ்கேலிங், அடைப்பது, பிடுங்குவது, ரூட் கெனால், கிரவுன் உண்டு. பிரேசஸ், வெள்ளையாக்குவது இல்லை. 22 வருஷமாக அங்கே வேலை செய்கிறார்!

சித்தி, 8:16
அண்ணே, 22 தடவை 500. ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கியிருக்கலாம்.

அக்கா, 8:19
காசாகத் தரமாட்டார்கள் சித்தி. எடுக்காத தொகை டிசம்பர் 31 ராத்திரியோடு போய்விடும். மாமா, இப்படிச் செய்யலாம். ரூட் கெனாலை இந்த மாதம் முடித்தால் இந்த ஆண்டின் 500. கிரவுனை ஜனவரியில் வைத்தால் புது 500. சிகிச்சை நடந்த தேதியைத்தான் பார்ப்பார்கள். ஆனால் பல் பிளந்திருக்கிறது, தற்காலிக அடைப்போடு அத்தனை நாள் தாங்குமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நான், 8:21
மாமாவுக்கு ஜனவரியில் 60 ஆகிறதே. பணி ஓய்வு?

அக்கா, 8:22
ஐயோ, ஆமாம். எங்கள் ஆபீசில் வேலையை விட்டுப் போகிறவர்களுக்கு மாதக் கணக்கில் வெட்டுவோம். மாமா, திங்கட்கிழமை உங்கள் எச்ஆரிடம் கேளுங்கள். குடும்பத்துக்குச் சேர்த்து 500ஆ, ஆளுக்கு 500ஆ என்றும் கேளுங்கள்.

சித்தி, 8:25
இல்லாவிட்டால் அரசாங்க பல் கிளினிக். பதிவுக்கு 1 வெள்ளிதான். ஆனால் ரூட் கெனாலுக்குப் பெயர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்கள் சின்னவனுக்கு ஸ்கூலுக்கே வந்து அடைத்துவிட்டுப் போனார்கள், காசே இல்லை.

டிசம்பர் 8, திங்கள்

பெரிய மாமா, 13:10
கேட்டேன். ஜனவரி ஒரே மாதம், அதனால் 500ஐ 12ஆல் வகுத்து 41 வெள்ளி 67 காசாம். தொப்பிக்குக் குஞ்சம்கூட வராது.

அக்கா, 13:14
அப்படியானால் காத்திருப்பதில் லாபமில்லை. இரண்டையும் டாக்டர் சொல்லும் நாளில் முடித்துவிடுங்கள். மற்ற கேள்வி?

பெரிய மாமா, 13:15
ஆளுக்கு 500. மனைவிக்கும் தனியாக உண்டு.

அத்தை, 13:31
எனக்குமா? இரண்டு வருஷமாக இடது பக்கம்தான் மெல்கிறேன். வலது மேல் பல்லில் குழி, ராத்திரியானால் கிராம்புத் தைலம்.

பெரிய மாமா, 13:32
என்னிடம் சொல்லவே இல்லையே.

அத்தை, 13:32
நீங்கள் பக்கம் 31ஐச் சொன்னீர்களா?

அக்கா, 13:40
இருவரும் சேர்ந்தே போங்கள். முதலில் அந்த கிளினிக் பேனலில், அதாவது கம்பெனி ஏற்றுக்கொண்ட கிளினிக் பட்டியலில், இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காசு கட்டிவிட்டுக் கிளேம் போடலாமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். ரசீதில் பல்லின் எண், என்ன செய்தார்கள், எவ்வளவு என்று தனித்தனியாக வேண்டும். ‘பல் சிகிச்சை 900’ என்று ஒரே வரியில் வந்தால் நானே திருப்பி அனுப்புவேன். வாரத்துக்கு இரண்டு என் மேசைக்கு அப்படி வருகிறது.

தம்பி, 13:44
மார்ச்சில் ஞானப்பல் பிடுங்கினேனே, சொந்தக் காசு. அதற்கு ஒன்றும் கிடைக்காதா?

அக்கா, 13:47
இன்கம் டேக்ஸில் காட்டு. 2024 வரி ஆண்டிலிருந்து பல் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் 1,000 வெள்ளி வரை கழிவு உண்டு. மருத்துவச் செலவுக்கான 10,000க்குள்ளேயே அது அடங்கும். கம்பெனி திருப்பிக் கொடுத்ததைச் சேர்க்கக் கூடாது, உன் கையிலிருந்து போனது மட்டும். ரசீது இருக்கிறதா?

தம்பி, 13:58
காரில் இருந்தது. வெயிலில் எழுத்தெல்லாம் மறைந்து வெள்ளைத் தாளாக இருக்கிறது.

அக்கா, 13:59
கிளினிக்கில் மறுபடி அச்சடித்துக் கேள். வந்ததும் போட்டோ எடுத்து வை, ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும்.

டிசம்பர் 13, சனி

பெரிய மாமா, 11:26
ரூட் கெனால் முதல் தடவை முடிந்தது. வாய் மரத்துப் போய், குடித்த தண்ணீர் சட்டையில். ரசீதில் 46 என்று போட்டிருக்கிறது, அது என்ன?

அக்கா, 11:28
பல்லின் எண் மாமா. கீழ் வலது கடவாய்ப்பல். சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள்.

பெரிய மாமா, 11:29
உன் அத்தையுடையது 16. இன்றைக்குச் சனிக்கிழமை, நாலு நம்பர் லாட்டரி குலுக்கு உண்டு. தம்பி, கடைப் பக்கம் போனால் 4616 எடு.