ஜூன் விடுமுறையில் கிழக்குக் கரை: ஆமை பார்க்க முடியுமா?

செங்காங் அம்மா:
வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து எங்கள் காரிலேயே மலேசியாவின் கிழக்குக் கரையில் மெர்சிங், குவாந்தான் வழியாகச் செராட்டிங் வரை போகலாம் என்று இருக்கிறோம். முடிந்தால் அதற்கு வடக்கே திரங்கானு மாநிலத்துக்கும். மகனுக்கு ஒன்பது வயது. ஆமை முட்டையிடுவதைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறான். அந்த மாதத்தில் வருமா? மாமியாரும் உடன் வருகிறார், அவரால் நெடுநேரம் நிற்க முடியாது. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஈசூன் காரோட்டி:
முக்கால் டாங்க் பெட்ரோல் இல்லாவிட்டால் சோதனைச்சாவடியிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். மலேசியாவில் நம் வண்டிக்கு ரான்95 வகைப் பெட்ரோல் போடக்கூடாது, ரான்97தான். கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகும் சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். காட்டு யானைகள் குறுக்கே வரும் இடம். வந்தால் ஹாரன் அடிக்காமல் தள்ளியே நிறுத்துங்கள்.

குவாந்தான் மருமகன்:
சகோதரி, தாராளமாகப் போங்கள். ஜூன் மாதம் பச்சை ஆமைகள் கரையேறும் காலம்தான். மனைவியின் ஊர் குவாந்தான் என்பதால் அடிக்கடி போகிறோம். மெர்சிங் வரை செம்பனைத் தோட்டமும் காடும்தான், கடலைத் தேடாதீர்கள். செராட்டிங் தாண்டி, கிஜால், கெமாசிக் பக்கம் போனால் கடல் கூடவே வரும்.

செராட்டிங் ஆமைக் காப்பகத்தில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மணலில் வெளிச்சம் தெரிந்தால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். அதனால் கைப்பேசி பைக்குள்ளேயே இருக்கட்டும். குழி தோண்டி முடித்து முட்டையிடத் தொடங்கியபின், பின்பக்கமாக நெருங்கிப் பார்க்க விடுவார்கள். பின்துடுப்பை உள்ளங்கைபோல மடக்கி மணலை அள்ளி அள்ளிப் போடும். கண்ணில் நீர் வழியும். அழவில்லை, உடம்பில் சேர்ந்த உப்பை அப்படித்தான் வெளியேற்றுகிறது. மகனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், என் மகள் பயந்துபோனாள். ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சில இடங்களில் குஞ்சுகளைத் தொட்டியில் போட்டு வைத்திருந்து, காசு வாங்கிக்கொண்டு பகலில் கடலில் விடச் சொல்வார்கள். வேண்டாம். முட்டையிலிருந்து வரும்போது வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான் ஆழ்கடல்வரை நீந்த அதற்குத் தெம்பு. தொட்டியிலேயே நீந்திக் களைத்த குஞ்சு, பகல் வெளிச்சத்தில் பறவைக்கும் மீனுக்கும் இரையாகிவிடும்.

டுங்குனுக்கு வடக்கே ரந்தாவ் அபாங் வரை போனால் மகனுக்கு அந்தக் கதையையும் சொல்லுங்கள். 1950களில் அங்கே ஆண்டுக்குச் சுமார் 10,000 தோல்முதுகு ஆமைக் கூடுகள். முட்டைகளை அள்ளி விற்றார்கள், ஆமைகள் மீன்வலையில் சிக்கிச் செத்தன. இப்போது அந்த ஆமை வருவதே அபூர்வம். திரங்கானுவில் ஆமை முட்டை விற்க 2022இல்தான் முழுத் தடை வந்தது. சந்தையில் யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

செங்காங் அம்மா:
மிக்க நன்றி அண்ணா. மகனுக்குப் படித்துக் காட்டினேன், தொட்டிக் குஞ்சு வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். மாமியாருக்கு ஏதாவது?

குவாந்தான் மருமகன்:
செராட்டிங் ஆற்றில் மின்மினி படகுச் சவாரி. இருட்டியதும் கிளம்பும், உட்கார்ந்தே பார்க்கலாம். பிளாஷ் போடக்கூடாது. கொசு மருந்து தடவிக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், திரங்கானுவில் வார விடுமுறை வெள்ளி, சனி. நமக்கு சனி, ஞாயிறு. அதனால் திங்கள் முதல் புதன் வரை அறை எடுத்தால் கடற்கரையில் கூட்டம் குறைவாக இருக்கும்.