சித்தியின் ஹோயாவை யார் பார்த்துக்கொள்வது?

சித்தி: 20-ஆம் தேதி கிளம்புகிறேன். திவ்யாவுக்குப் பிரசவம், வர இரண்டு மாதம் ஆகும். ஜன்னலில் தொங்கும் ஹோயாச் செடியை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

முரளி: எது?

ரம்யா: பேரில் கன்னியாகுமரி வருமே, அதுதானே?

சித்தி: ஆமாம், ஹோயா கன்னியாகுமரியானா. அந்தப் பக்கத்து மலைக்காட்டுக் கொடி. லேசில் கிடைக்காது.

பெரியப்பா: என்னிடம் கொடு. தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன்.

சித்தி: அத்தான், வேண்டவே வேண்டாம்.

பெரியம்மா: மணிபிளான்ட்டையே சாகடித்தவர் 😂

பெரியப்பா: அதற்கு ஆயுசு அவ்வளவுதான்.

சித்தி: எல்லோரும் முழுசாகப் படியுங்கள். இது மரத்தைத் தொற்றி வளரும் கொடி. வேர் ஈரத்திலேயே ஊறிக் கிடந்தால் அழுகிவிடும். அதனால்தான் தேங்காய் மட்டைத் துண்டும் பெர்லைட் என்ற லேசான வெள்ளைக் கல்துகளும் கலந்து சின்னத் தொட்டியில் வைத்திருக்கிறேன். பெரிய தொட்டிக்கு மாற்றுகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தொட்டி நன்றாகக் காய்ந்ததும் ஓர் இலையை மெல்ல வளைத்துப் பாருங்கள். விறைப்பாக நின்றால் தண்ணீர் வேண்டாம். துவண்டு வளைந்தால் அடியில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். தொட்டி ஈரமாக இருந்தும் இலை சுருங்கினால் அது தாகமில்லை, வேர் அழுகுகிறது. ஊற்றாமல் எனக்குப் போன் பண்ணுங்கள்.

முரளி: சுருக்கமாக?

ரம்யா: காய்ந்தால் ஊற்று, இல்லாவிட்டால் சும்மா இரு.

அத்தை: திவ்யாவுக்கு இந்த மாதமா? குரூப்பைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

சித்தி: அண்ணி, இரண்டு தடவை கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை.

அத்தை: 👍

கார்த்தி: எங்கள் பால்கனியில் வைக்கட்டுமா? நல்ல வெயில்.

சித்தி: உச்சி வெயில் பட்டால் இலை கருகிவிடும் கார்த்தி. வெளிச்சம்தான் வேண்டும். அதோடு இப்போது மொட்டு விட்டிருக்கிறது, இடம் மாற்றினால் உதிர்ந்தாலும் உதிரும். இங்கேயே இருக்கட்டும், யாராவது வந்து பாருங்கள்.

முரளி: பூத்து முடிந்ததும் காம்பை நறுக்கிவிடலாமா?

சித்தி: கை வைக்காதே! மறுபடியும் அதே காம்பில்தான் பூக்கும். இலையில்லாமல் நீளும் தண்டையும் விட்டுவிடு, இலை பிறகு வரும். கணுவில் வெள்ளையாகப் பிசிறு தெரிந்தால் மாவுப்பூச்சி. ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்தெடு.

கார்த்தி: வீட்டுச் சாவி?

சித்தி: ஒன்று அத்தானிடம் இருக்கிறது.

பெரியப்பா: அதை முரளியிடம் கொடுத்துவிட்டேனே.

முரளி: எப்போது அப்பா?

பெரியம்மா: டிராயரில் நாலு சாவி கிடக்கிறது. எது எந்தப் பூட்டுக்கு என்று தெரியவில்லை.

ரம்யா: ஞாயிற்றுக்கிழமை வந்து போட்டுப் பார்க்கிறேன்.

கார்த்தி: அப்போ ரம்யாதான் பொறுப்பு?

ரம்யா: சாவி கிடைக்கட்டும், சொல்கிறேன்.

பெரியப்பா: அதுவரை நான் இருக்கிறேன்.

பெரியம்மா: அதுதான் பயம்.

அத்தை: பூ என்ன நிறம்?

சித்தி: வெள்ளை அண்ணி, நடுவில் இளஞ்சிவப்பு. இப்போது கூப்பிடுகிறேன், எடுங்கள்.