புதுப்பிப்பு: கடன் முடிந்தும் வில்லங்கச் சான்றில் அடமானப் பதிவு — தீர்ந்தது

வாடகைக்கு விட வாங்கும் பழைய ஃபிளாட்டின் வில்லங்கச் சான்றில் (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் சான்று) விற்பவரின் அடமானம் அப்படியே நிற்கிறது, வங்கியின் 'நிலுவை இல்லை' கடிதம் போதுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போதாது. 'ரசீது ஆவணம் (கடன் தீர்ந்து அடமானம் முடிந்தது என வங்கி எழுதித் தரும் ஆவணம்) பதியுங்கள்' என்ற யோசனைதான் பலித்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் கையெழுத்திட வேண்டும். பழைய அடமான ஆவணத்தின் எண்ணும் ஆண்டும் ரசீதில் சரியாக இருக்க வேண்டும். எண் பிசகினால் எந்த அடமானம் தீர்ந்தது என்பதே தெரியாது. பதிந்தபின் புதிதாக வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தே மீதிப் பணம் கொடுக்கப்பட்டது.

வங்கி இழுத்தடித்தால் ரிசர்வ் வங்கி 2023-இல் கொண்டுவந்த விதியைக் காட்டுங்கள்: கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் மூலப் பத்திரங்களைத் தந்து, பதிவான அடமானத்தையும் நீக்க வேண்டும், வங்கியால் தாமதமானால் நாளுக்கு ரூ.5,000 இழப்பீடு.

எதிர்பாராதது: விற்பவர் அதே ஃபிளாட்டின் மேல் கூடுதலாக வாங்கிய டாப்-அப் கடனுக்குத் தனி அடமானம் பதிவாகியிருந்தது. அதற்குத் தனி ரசீது. ஆவண எண்ணை மட்டும் வைத்துத் தேடாமல், சர்வே எண், உட்பிரிவு வைத்தும் தேடுங்கள்.