ஆறிதழ் ரோஜா செதுக்கிய பழைய மதுக்கோப்பை: செதுக்கலும் பழையதுதானா?

வடகடல் (கேள்வி)

வணக்கம். நான் எடின்பரோவில் சில ஆண்டுகளாக வசித்துவருகிறேன். பழைய கண்ணாடிப் பொருள்களின் மீது ஆர்வம் உண்டே தவிர, அனுபவம் குறைவு. சென்ற மாதம் நகரத்துக்கு வெளியே நடந்த ஒரு சிறிய ஏலத்தில், 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்ற குறிப்புடன் ஓர் ஒயின் கோப்பை வந்திருந்தது. அதன் தண்டினுள்ளே வெள்ளிக் கம்பியை முறுக்கி வைத்ததுபோல் காற்றுச் சுருள் ஓடுகிறது. கிண்ணத்தின் ஒரு பக்கத்தில் ஆறிதழ் ரோஜாவும் இரண்டு மொட்டுகளும், மறுபக்கத்தில் ஓர் ஓக் இலையும் அதன் கீழே 'ஃபியாட்' என்ற லத்தீன் சொல்லும் செதுக்கப்பட்டுள்ளன. இது ஜாகபைட் கோப்பை என்றார்கள். அன்று யாரும் எடுக்காததால், விருப்பமிருந்தால் நேரடியாக வாங்கிக்கொள்ளலாம் என்று இப்போது கேட்டிருக்கிறார்கள். இந்தச் சின்னங்கள் எதைக் குறிக்கின்றன என்பதையும், செதுக்கல் கோப்பையின் காலத்தையே சேர்ந்ததா என்று எப்படி அறிவது என்பதையும் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழம்பொருள்பித்தன்

முதல் கேள்விக்கு என்னால் இயன்றதைச் சொல்கிறேன். 1688இல் இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் அரியணையை இழந்து பிரான்சுக்குச் சென்ற பிறகும், அவருடைய வழித்தோன்றல்களே முறையான அரசர்கள் என்று நம்பியவர்களுக்கு, ஜேம்ஸ் என்பதன் லத்தீன் வடிவமான 'ஜாகோபஸ்' என்பதிலிருந்து ஜாகபைட்டுகள் என்ற பெயர் வந்தது. 1715இலும் 1745இலும் அவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இரண்டாவது கிளர்ச்சி, இளவரசர் சார்லஸ் எட்வர்டின் தலைமையில் இங்கிலாந்தின் டார்பி நகர் வரை முன்னேறி, 1746 ஏப்ரல் 16 அன்று கலோடன் போர்க்களத்தில் முற்றாக முறியடிக்கப்பட்டது. ஆட்சிக்கு எதிரான விசுவாசத்தை வெளிப்படையாகச் சொன்னால் ராஜத்துரோகம் என்ற நிலையில், வீட்டு விருந்துகளில் கோப்பையை உயர்த்தி வாழ்த்துக் கூறுவதே அந்த விசுவாசத்தின் சடங்காயிற்று. மன்னருக்கு வாழ்த்து என்று எல்லோரும் குடிக்கும்போது, இவர்கள் கோப்பையை மேசையிலிருந்த தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலாகக் கொண்டுபோவார்களாம். 'கடலுக்கு அப்பால் இருக்கும் மன்னர்' என்பது அதன் பொருள். கூடவே குடிப்பவர் வேறு மன்னரின் ஆளாக இருந்தாலும் அவருக்கு ஒன்றும் விளங்காது.

ரோஜா ஸ்டூவர்ட் வம்சத்தின் வெள்ளை ரோஜா. ஓக் இலை, 1651இல் வூஸ்டர் போரில் தோற்ற இரண்டாம் சார்லஸ் பாஸ்கோபெல் என்னும் இடத்தில் ஓக் மரத்தில் ஒளிந்து தப்பி, 1660இல் மீண்டும் அரியணை ஏறியதை நினைவூட்டுவது. ஒருமுறை திரும்பி வந்த வம்சம் மறுமுறையும் வரும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. 'ஃபியாட்' என்றால் 'அவ்வாறே ஆகுக'. வேறு கோப்பைகளில் 'அவர் திரும்பி வருவாராக' என்ற பொருளுடைய 'ரெடியாட்' என்ற சொல்லும் காணப்படும்.

எடின்பரோவிலேயே இருக்கிறீர்கள் என்பதால், ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள ஜாகபைட் பொருள்களை முதலில் ஒருமுறை பாருங்கள். முடிந்தால் ஃபோர்ட் வில்லியமில் உள்ள மேற்கு மேட்டுநில அருங்காட்சியகத்துக்கும் செல்லுங்கள். அங்கே வண்ணக் குழம்பைத் தேய்த்ததுபோலத் தோன்றும் ஓர் ஓவியம் இருக்கிறது. அதன் மேல் பளபளப்பான உருளையை வைத்தால் அதில் இளவரசர் சார்லஸின் முகம் தெரியும்.

சுருள்தண்டு

இரண்டாவது கேள்விதான் விலையை நிர்ணயிப்பது. கோப்பையின் வயதும் செதுக்கலின் வயதும் இரண்டு தனிக் கேள்விகள் என்பதை மனத்தில் இருத்துங்கள். காற்றுச் சுருள் தண்டு 1745 முதல் 1765 வரையிலான காலத்தில் பெருவழக்காக இருந்தது. 1745இல் கண்ணாடிக்கு எடையின்படி வரி விதிக்கப்பட்டதால் கனமான தண்டுகள் குறைந்தன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. சுருளில்லாத, செதுக்கலும் இல்லாத பழைய கோப்பைகள் இன்றும் ஓரளவு மலிவாகக் கிடைக்கின்றன. ஆறிதழ் ரோஜா ஒன்று ஏறியதும் விலை பல மடங்காகிவிடும் என்பதால், உண்மையான பழைய கோப்பையின் மீது புதிதாகச் செதுக்குவதற்கான தூண்டுதல் எப்போதும் இருந்துவந்திருக்கிறது.

கோப்பையின் வயதுக்கு: அடித்தட்டு கிண்ணத்தின் விளிம்பைவிட அகலமாக இருக்க வேண்டும், அதன் நடுவில், கண்ணாடியைத் தாங்கிய இரும்புக் கோலை முறித்தெடுத்த தழும்பு இருக்க வேண்டும், அடியில் உள்ள கீறல்கள் பல திசைகளிலும் ஓட வேண்டும். ஒரே திசையில் ஓடும் கீறல்கள், யாரோ உப்புத்தாளில் தேய்த்தவை. புற ஊதா விளக்கில் பழைய ஈயக் கண்ணாடி நீலச் சாயல் காட்டும் என்றாலும், நேற்று செய்த ஈயக் கண்ணாடியும் அதையே காட்டும் என்பதால் அந்தச் சோதனையை மட்டும் நம்பாதீர்கள்.

செதுக்கலுக்குப் பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் போதும். சிறிய செப்புச் சக்கரத்தில் எமரி என்னும் உராய்வுத் தூளும் எண்ணெயும் இட்டுச் செதுக்கிய பழைய பள்ளங்கள், நூற்றாண்டுகள் துடைத்துத் துடைத்துச் சற்றே மழுங்கிச் சாம்பல் நிறமாக இருக்கும். புதியவை மாவு தூவியதுபோல் வெண்மையாகத் தெரியும். ஆனால் நிறத்தை அழுக்கேற்றி மாற்றிவிடலாம். ஆகவே நான் பார்ப்பது, கிண்ணத்தின் புழக்கக் கீறல் ஒன்று செதுக்கலைச் சந்திக்கும் இடம்: கீறல் செதுக்கலின் விளிம்பில் துண்டிக்கப்பட்டிருந்தால் கீறலே முந்தையது, செதுக்கல் பிந்தையது.

லீத்வாசி

பழம்பொருள்பித்தன் ஐயா கூறிய பொருள்களில் மொட்டுகள் விடுபட்டுவிட்டன. ரோஜா ஜேம்ஸின் மகன், மொட்டுகள் அவருடைய புதல்வர்கள் சார்லஸும் ஹென்றியும் என்பது ஒரு விளக்கம். ரோஜா அரியணையையே குறிக்கிறது, மொட்டுகளே உரிமையாளர்கள் என்பது இன்னொன்று. 1747இல் ஹென்றி கர்தினால் ஆனதால் ஒரு மொட்டு போயிற்று என்று சொல்லி அதைக் கொண்டு காலம் கணிப்பவர்களும் உண்டு. அது வலுவில்லாத அடிப்படை என்பது என் கருத்து. அக்காலத்தில் பூவேலைப்பாடு கொண்ட கோப்பைகள் வெறும் நாகரிகமாகவும் விற்றன என்பதால், சொல் இல்லாத ரோஜாவை மட்டும் வைத்து ஜாகபைட் என்று முடிவு கட்டுவது சரியல்ல. உங்கள் கோப்பையில் சொல் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லே பின்னாளில் சேர்ந்ததாகவும் இருக்கலாம்.

எதிரணிக் கோப்பைகள் கற்றுத்தந்த பாடம் ஒன்று உண்டு. 1690ஆம் ஆண்டு பாய்ன் போரில் இரண்டாம் ஜேம்ஸை வென்ற மூன்றாம் வில்லியமைப் போற்றும் கோப்பைகள் பல, போஹீமியாவில் பிறந்து டப்ளினில் பணியாற்றி 1932இல் இறந்த ஃப்ரான்ஸ் டீஸெயின் கைவேலை என்று 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அதுவரை அவை அருங்காட்சியகங்களிலும் 18ஆம் நூற்றாண்டுச் செதுக்கல் என்றே நின்றன. கையெழுத்தைப் போல ஒவ்வொரு செதுக்குநருக்கும் இலை நரம்பை இழுக்கும் விதம் ஒன்று உண்டு. ஐயத்திற்கு இடமில்லாத கோப்பைகளின் படங்களுடன் ஒப்பிடாமல் வாங்காதீர்கள்.

வடகடல்

அனைவருக்கும் நன்றி. நேற்று லூப்புடன் சென்றேன். அடித்தட்டின் கீறல்கள் பல திசைகளில் உள்ளன, தழும்பும் இருக்கிறது. ரோஜாவின் பள்ளங்கள் சாம்பல் நிறம், விளிம்பும் மழுங்கியிருக்கிறது. ஆனால் 'ஃபியாட்' என்ற எழுத்துகள் மட்டும் இலையைவிடத் தெளிவாக வெண்மையாக இருந்தன. ஒரு நீண்ட கீறல் 'ஏ' என்ற ரோமன் எழுத்தின் விளிம்பில் சட்டென்று நின்றுவிடுகிறது. சொல் இல்லாத ரோஜாக் கோப்பைக்கு உரிய விலையைக் கூறியிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.